தெரிந்த கையெழுத்து

கவுன்சிலர் வருகிறார் என்றதும்
வார்டு கவுன்சிலர் என்று நினைத்துக்கொண்டு
கை வைத்த நாற்காலியைத் துடைத்துப் போட்டார் வாட்ச்மேன்.
வந்தவர் தெரசிட்டா.
தோளில் ஜோல்னாப் பை, செருப்பு முழுக்க மண்டபத்து மணல்.
பாம்பனில் கச்சான் ஏறி
ரயிலை நிறுத்திவிட்டார்களாம், நாற்பது நிமிடம்.
"காத்து ஒரு அளவுக்கு மேல போனா
சிக்னல் தானா சிவப்பாயிடும்" என்றார்.
"அப்படி ஒரு மீட்டர் எங்களுக்குள்ளயும் வேணும் மிஸ்"
ராயப்பன் சொல்லி முடிக்குமுன்
மனசுக்குள் மார்க் போட்டுவிட்டேன்:
ஐந்துக்கு நாலரை.
அதுதான் எங்கள் வியாதி.

ஏழு பேர்.
வேதியியல் ஆய்வகம், வியாழக்கிழமை, ஆறாவது பீரியட்.
அழுகிய முட்டை வாடை விடாத சுவர்.
"நல்லா படிக்கிற புள்ளைகளுக்கு என்ன குறையாம்"
வராந்தாவில் யாரோ சொல்லிக்கொண்டே போனார்கள்.

முதல் வாரம் எது கேட்டாலும்
சரியான விடை சொன்னோம்.
பயமா? கொஞ்சம் இருக்கு, அது நல்லதுதான் மிஸ்.
தூக்கமா? ஏழு மணி நேரம்.
தெரசிட்டா நோட்டை மூடினார்.
"எல்லாரும் பாஸ்" என்றார்.
ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

அடுத்த வாரம் துண்டுத்தாள்.
பெயர் வேண்டாம், ஒரே ஒரு விஷயம்,
மடித்து இந்த பீக்கரில் போடுங்கள்.
பாவம், அவருக்குத் தெரியாது.
ஆறாம் வகுப்பிலிருந்து
ஒருவர் விடைத்தாளை ஒருவர் பிடுங்கிப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாங்கள்.
சகுபர் நிஷாவின் 'ழ' எந்த இடத்தில் சுழிக்கும்,
ராயப்பன் எழுத்து எந்தப் பக்கம் சாயும்,
ஏழுக்குக் குறுக்கே
இருளப்பன் மட்டும் ஏன் ஒரு கோடு இழுப்பான்,
எல்லாம் மனப்பாடம்.

ஒவ்வொன்றாக வாசித்து
மேசையில் மல்லாத்தி வைத்தார்.

"ராத்திரி பகா எண் எண்ணுகிறேன்.
ஆயிரத்தொன்பதைத் தாண்டியும் தூக்கம் வரவில்லை."

"தெருவில் என்னை டாக்டர் என்று கூப்பிடுகிறார்கள்.
இப்போதே."

சாய்ந்த எழுத்தில்:
"அப்பாவைக் கடலில் பிடித்துக்கொண்டு போன ராத்திரியும் படித்தேன்.
படிக்க முடிந்தது.
அதுதான்."

பிறகு,
"காலாண்டில் 37வது கணக்கை
வேண்டுமென்றே தப்பாகப் போட்டேன்.
முதலாவதாக இருக்கப் பிடிக்கவில்லை."
ஏழுக்குக் குறுக்கே கோடு.

அந்தக் காலாண்டில் முதல் ரேங்க் நான்.
ஒரு மார்க் வித்தியாசம்.
அம்மா கால் கிலோ அல்வா வாங்கி
பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கொடுத்தாள்.

மின்விசிறி மட்டும் சுற்றியது.
எது யாருடையது என்று ஏழு பேருக்கும் தெரியும்.
ஏழு பேரும் தலையைத் தூக்கி
சுவரில் தொங்கிய தனிம அட்டவணையைப் படித்தோம்,
ஏதோ அதற்கு முன் பார்த்தே இராததுபோல.
தெரிந்ததைத் தெரியாததாக வைத்துக்கொள்வது
எங்களுக்கு யாரும் நடத்தாத பாடம்.
முதல் முயற்சியிலேயே நன்றாக வந்தது.

கடைசித் தாள் என்னுடையது.
"ஒன்றுமில்லை."
அதையும் அதே குரலில்தான் வாசித்தார்.
மற்றவற்றுக்குப் பின் விட்ட அதே இடைவெளியை
அதற்குப் பின்னும் விட்டார்.
அவ்வளவு நேரம் நான் எங்கேயும் உட்கார்ந்ததில்லை.

நாலரைக்கு பஸ் ஸ்டாப்.
கருவாட்டு லாரி ஒன்று தார்ப்பாய் படபடக்கக் கடந்தது.
சைக்கிளைச் சாய்த்துப் பிடித்தபடி இருளப்பன்
என்னைப் பார்க்காமல், ரோட்டைப் பார்த்துக் கேட்டான்:
"ஒன்னுமில்லைன்னா... எத்தனை இலக்கம்?"

உச்சிப்புளி பஸ் வந்து நின்றது.
நடத்துனர் இரண்டு தடவை விசிலை வாயில் வைத்து எடுத்தார்.
நான் ஏறவில்லை.
அடுத்தது ஐந்தேகாலுக்கு.

எங்கே தொடங்குவதென்று தெரியாமல்
முப்பத்தேழிலிருந்து தொடங்கினேன்.